விழுந்து விழுந்து

அவள் முகத்தை நேராக நான் பார்த்ததேயில்லை.
திரைக்கு அடியில், இடப்பக்கம்,
பியானோவின் முன்னால் கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு
தாடையும் மூக்குத் துவாரமும்தான் முதலில் தெரியும்.
பிரிச்சோலா என்று எழுத்து வரும்.
ரொட்டித் துணுக்கு என்று அர்த்தம்.
தூரின் நகரத்துக்கே அந்தத் துணுக்கின்மேல் பசி.

அவள் விழுவாள்.
ஏணியிலிருந்து, நோட்டரியின் மடியிலிருந்து,
மாவு மூட்டைக்குள், மீன் தொட்டிக்குள்,
ஒரு தடவை பிஷப்பின் குடைமேல்.
அவள் ஒருமுறை விழுந்தால்
பின்வரிசை விழுந்து விழுந்து சிரிக்கும்.
எழுவதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.
முதலில் தொப்பியைத் தேடுவாள்.
பிறகு தன் கால்களை,
இரவல் வாங்கியவை போல,
இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பாள்.
அந்த எண்ணிக்கைக்கு இரண்டு சுரம் வைத்திருந்தேன்.

விழுவதற்கு வைத்திருந்தது வேறு.
வலக்கை உச்சியிலிருந்து உருண்டு வரும்,
இடக்கை வாங்கிக்கொள்ளும்,
தரை வருமுன் ஒரு கட்டை.
அந்தக் கட்டைக்குப் பேச்சு கிடையாது.
கம்பி அறுந்து மூன்று வருடம்;
முதலாளி பெர்த்தோலெரோ
நாளைக்கு, நாளைக்கு என்பார்.
அழுத்துவேன், ஒன்றும் வராது.
அதற்கு அப்புறம்தான் தரை.

பதினைந்தாம் ஆண்டு வசந்தத்தில்
படத்தில் டிராம் ஓட்டினாள்.
ஒரு முலாம்பழ வண்டி, இரண்டு போலீஸ்காரர்கள்,
ஒரு கல்யாண ஊர்வலம்
எல்லாவற்றின் ஊடாகவும் ஓட்டினாள்.
பொம்பளை டிராம் ஓட்டுவதாம்! கொட்டகை குலுங்கியது.
மறு வருடம் ஆண்கள் மலைப்போரில் இருந்தார்கள்.
ஏழாம் எண் டிராமை என் தங்கை ஓட்டினாள்.
டிக்கெட் எடுத்தவர் ஒருவரும் சிரிக்கவில்லை.
அதே படத்தை மறுபடி போட்டோம்.
கறுப்பு உடுத்திய பெண்கள் வந்து உட்கார்ந்து
பிரேக்கை அப்படிப் பிடிக்கக் கூடாது என்றார்கள்.

மாடிப்படிப் படம் ஒன்று உண்டு.
பதினொரு இரவு வாசித்த பிறகு
பத்திரிகையில் படித்தேன்:
அந்தப் படியில் அவளுக்குக் காறை எலும்பு முறிந்ததாம்,
கேமரா நிற்கவில்லையாம்.
பன்னிரண்டாம் இரவு பார்த்தேன்.
எழுகிறாள். தொப்பியைத் தேடுகிறாள்.
வலக்கையால் தேடவில்லை.
இரண்டு சுரத்தையும் வேகமாகக் கடந்தேன்.
காசு கொடுத்து வந்திருந்தார்கள்.

கம்பெனி திவாலாகிப் படங்களை எடைக்குப் போட்டார்கள்.
சீப்புத் தொழிற்சாலை வாங்கியதாகக் கேள்வி.
தலை வாரும்போது சில நாள்
சீப்பை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன்.
பிறகு படங்கள் பேசின.
பியானோவை நாலு பேர் தூக்கிப் போனார்கள்,
வாசலில் ஒருமுறை இடித்துக்கொண்டு.
கசாப்புக்கடைக்காரர் மகள்களுக்கு
விரல் வளைக்கச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன்.

முப்பத்தொன்று, பிப்ரவரி, ஒன்பதாம் எண் டிராம்.
எதிரே, கையுறைக் கம்பெனிப் பொட்டலத்தோடு ஒருத்தி.
யாரோ என்றிருந்தேன்.
நிறுத்தம் வருகிறதென்று எழுந்து கம்பியைப் பிடித்தாள்.
கீழிருந்து பார்த்தேன்:
அந்தத் தாடை.

உங்களுக்கு வாசித்தவள் நான் என்றேன்.
எர்சீலியா வவுதானோ, என்று நிஜப்பெயரைச் சொன்னாள்.
சந்தையில் மீன் கூவலாம், அப்படி ஒரு குரல்.
"கம்பெனிச் சுவரில்தான் எனக்குப் போட்டுக் காட்டுவார்கள்.
பாட்டு கீட்டு ஒன்றும் கிடையாது.
நான் காற்றில் இருக்கிறேனே, அப்போது என்ன வாசிப்பீர்கள்?"

"ஒன்றும் இல்லை. அந்தக் கட்டை கெட்டிருந்தது."

சிரித்தாள்.
டிராமே திரும்பிப் பார்த்தது.
அவள் சிரிப்புக்கென்று உச்சத்தில்
மணி மணியாய் நான் வைத்திருந்ததெல்லாம் தப்பு.
அது மிகக் கீழே, இடக்கைக்கும் கீழே.

போ ஆற்றுப் பாலம். படியில் பனி உறைந்திருந்தது.
ஒரு காலை வைத்தாள், அழுத்திப் பார்த்தாள்,
பிறகு மற்றதை.
விழவில்லை.
மடிமேல் என் இடக்கை
விரல் விரித்தபடி இருந்தது.